அமைதி ஜோடியின் சண்டை

லிஃப்ட் மெக்கானிக்குக் கல்யாணம் இரண்டாவது என்பதால் திருமணப் பயிற்சியும் இரண்டாவதாயிற்று.

முதல் பயிற்சியில் கொடுத்த சான்றிதழ் அவனிடம் பத்திரமாகத்தான் இருந்தது. பங்குக் கோவில் அலுவலகத்தில் அதை நீட்டினான். எழுத்தர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“இது ஜோடிக்குக் குடுத்தது தம்பி. தனி ஆளுக்குச் செல்லாது.”

“அதே ஆள்தானே சார்.”

“ஆள் அதே ஆள். ஜோடி அதே ஜோடி இல்லையே.”

“சரி சார்,” என்றான்.

மனைவி காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாமல் இரண்டு வருஷம் ஆகிறது. அந்த இரண்டு வருஷத்தில் அவன் கண்டுபிடித்த ஒரே விஷயம், சரி என்று சொல்லிவிட்டால் எல்லோரும் சீக்கிரம் போய்விடுவார்கள் என்பது. துக்கம் கேட்க வந்தவர்கள் போனார்கள். புத்தி சொல்ல வந்தவர்கள் போனார்கள். போட்டோவோடு வந்த அவன் அக்கா மட்டும் போகவில்லை. “பொண்ணு சொந்தமா மருந்துக்கடை வச்சிருக்கா, நல்ல மாதிரி, என்னடா சொல்ற?” என்றாள். சரி என்றான். அப்படித்தான் நிச்சயம் ஆனது.

மருந்துக்கடைக்காரிக்கு இது முதல் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஏதாவது ஓட்டலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். நீங்க என்றுதான் பேசிக்கொண்டார்கள். அவள் பஸ் ஏற்றிவிட்டால் அவன் தேங்க்ஸ் சொன்னான். அவள் பரவாயில்லை என்றாள். டாக்டர்களின் கிறுக்கல் எழுத்தை எல்லாம் வாசித்துப் பழகியவள்தான். அவன் முகத்தில் மட்டும் எதையும் வாசிக்க முடியாமல் இருந்தாள்.

இப்போது சிக்கல் என்னவென்றால், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சான்றிதழ் வந்தாக வேண்டும். வந்தால்தான் மறுநாள் பூசையில் முதல் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு அறிவித்த பிறகுதான் கோவிலில் தேதி கொடுப்பார்கள். ஒரு ஞாயிறு தவறினால் தவக்காலம் குறுக்கே வந்து விழும். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. அது முடிவதற்குள் கப்பலில் வேலை பார்க்கும் பெண்ணின் அண்ணன் கப்பலேறிவிடுவான்.

“இந்தத் தடவை தள்ளிப் போச்சுன்னா இது நடக்காதுங்க,” என்று அவள் சொல்லியிருந்தாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. மருந்துப் பட்டையின் பின்பக்கம் பார்த்துக் காலாவதித் தேதி சொல்வதுபோல் சொன்னாள்.

அன்றைக்கு மட்டும் அவனுக்குச் சரி என்று வாயில் வரவில்லை. இது நடக்க வேண்டும் என்று தோன்றியது. அப்படி எதுவும் தோன்றி வெகுநாள் ஆகியிருந்ததால், தோன்றியதை என்ன செய்வதென்று தெரியாமல் டீக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டான்.

பயிற்சி, அந்தச் சனிக்கிழமை, பங்கின் மழலையர் பள்ளிக்கூடத்தில் நடந்தது. நாற்காலிகள் எல்லாம் மழலையர் நாற்காலிகள். கல்யாணத்துக்குத் தயாரான பெரிய மனிதர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் யானை, முயல், ஒட்டகம். தரையில் ஃபினாயில் வாசனை.

பயிற்சி கொடுத்தது ஒரு தம்பதி. கணவர் கால்பந்து நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஓய்வு பெற்றாலும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. ரெஃபரி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். மனைவி பேங்க் மேனேஜராக இருந்தவர். மேனேஜரம்மா. சான்றிதழில் இரண்டு பேர் கையெழுத்தும் விழ வேண்டும். ஒன்று மட்டும் விழுந்தால் செல்லாது.

காலையில் டாக்டர் வந்து பேசினார். வக்கீல் வந்து பேசினார். அவர்கள் பேசுவதை யாரும் கேட்காமல் இருப்பதுதான் வழக்கம், அந்த வழக்கம் காக்கப்பட்டது. பிறகு மேனேஜரம்மா ஒவ்வொரு ஜோடியின் சட்டையிலும் ஒரு புண்ணியத்தின் பெயரைக் குத்திவிட்டார். ஒரு ஜோடிக்குப் பொறுமை. ஒரு ஜோடிக்குத் தாழ்ச்சி. இவர்களுக்கு அமைதி. அதன் பிறகு நாள் முழுக்கப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, புண்ணியம் சொல்லித்தான்.

“மத்த பங்குல எல்லாம் எப்படி அன்பா இருக்கிறதுன்னு சொல்லிக் குடுப்பாங்க,” என்றார் ரெஃபரி. “அது தானா வந்துரும். இங்க நாங்க சண்டை போடச் சொல்லிக் குடுக்கிறோம். ஒழுங்கா ஒரு சண்டை போடாத ஜோடிக்கு எங்ககிட்ட கையெழுத்து கிடையாது.”

விதிகள் கரும்பலகையில் இருந்தன. டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும், அதில் இருக்கும் விஷயத்தைப் பற்றித்தான் சண்டை. கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். அம்மாவை இழுத்தால் மஞ்சள் அட்டை. செத்தவர்களை இழுத்தால் நேராகச் சிவப்பு.

“செத்தவங்களை எதுக்கு சார் இழுக்கப் போறோம்?” என்று ஒருவன் கேட்டான்.

“எங்க அப்பா உயிரோட இருந்தா இப்படி என்னை விட்டிருப்பாரான்னு ஆரம்பிப்பாங்கப்பா. செத்தவர் வந்து பதில் சொல்ல முடியுமா? எதிரணி இல்லாத ஆட்டம் அது.”

லிஃப்ட் மெக்கானிக் கரும்பலகையின் அந்த வரியைப் பார்த்தான். பிறகு ஒட்டகத்தைப் பார்த்தான்.

முதலில் பொறுமை வந்தது. மாப்பிள்ளை ரொட்டி போடுகிறவன். பெண் டிக்கெட் கவுண்டரில் வேலை. விஷயம் செல்போன். அவள் ஆரம்பித்த வேகத்தில் முன்வரிசை நாற்காலிகள் தாமாகப் பின்னுக்கு நகர்ந்தன. “குளிக்கப் போகும்போதும் ஃபோனைக் கையில எடுத்துக்கிட்டுப் போற, தண்ணிக்குள்ள யார் உனக்கு ஃபோன் பண்றா, மீனு பண்ணுதா?” என்றாள். அவன் விடவில்லை. கடைசியில் இரண்டு பேரும் கைகுலுக்கினார்கள். ரெஃபரிக்குக் கண் கலங்கிவிட்டது.

“சுத்தமான ஆட்டம்,” என்றார். “ஒரு ஃபவுல் இல்ல.”

தாழ்ச்சி ஜோடி, சண்டையில் ஜெயித்தது யார் என்று அடுத்த சண்டையைத் தொடங்கியதால் பிரித்துவிட வேண்டியதாயிற்று.

“அடுத்து அமைதி. வாங்க, வந்து மோதுங்க.”

மருந்துக்கடைக்காரி சீட்டை எடுத்தாள். மின்விசிறி என்று இருந்தது. இரவில் எத்தனையில் வைப்பது. இரண்டு குட்டி நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். விசில் ஊதியது.

“உங்களுக்கு எத்தனைல வச்சாத் தூக்கம் வரும்?” என்றாள் அவள்.

“உங்களுக்கு எது வசதியோ அதுல வச்சுக்கலாம்.”

“இல்ல, நீங்க வேலை பார்த்துக் களைச்சு வருவீங்க. நீங்க சொல்லுங்க.”

“நீங்களும் நின்னுக்கிட்டே இருக்கிறவங்கதானே. நீங்களே சொல்லுங்க.”

“பரவாயில்லைங்க.”

“தேங்க்ஸ்.”

விசில் வீறிட்டது. ரெஃபரி நடுவில் வந்து நின்று இரண்டு பேருக்கும் மஞ்சள் அட்டை காட்டினார். “நேரம் கடத்துறீங்க. பந்து உங்க கால்லயும் இல்ல, அவங்க கால்லயும் இல்ல. மைதானத்துலயே இல்ல.”

“நாங்க இன்னும் சண்டை போட்டதில்ல சார்,” என்றாள் அவள்.

“அதான் பயமா இருக்குன்னு சொல்றேன்,” என்றார் மேனேஜரம்மா. “சாயங்காலம் இன்னொரு வாய்ப்பு தர்றோம். அதுலயும் இப்படின்னா, அடுத்த பயிற்சிக்குத்தான் வரணும்.”

அடுத்த பயிற்சி தவக்காலத்துக்கு அப்புறம்.

சாப்பாட்டு இடைவேளையில் மொத்த வகுப்பும் அவர்களைச் சூழ்ந்துகொண்டது. இவ்வளவு பேர் ஒரு ஜோடியைச் சண்டைக்குத் தூண்டிவிடுவதை அவன் பார்த்ததில்லை, கலைத்துவிடுவதைத்தான் பார்த்திருக்கிறான். ரொட்டிக்காரன் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவனுக்குப் பாதி தள்ளிவிட்டான்.

“அண்ணே, முதல் வீட்டுக்காரம்மா கூடவும் சண்டையே போட்டதில்லையா?”

“போட்டிருக்கேன்.”

“எதுக்கு?”

“ஃபேனுக்கு.”

“அப்புறம் என்னண்ணே. சீட்டே அதானே வந்திருக்கு. அதையே எடுத்து விடுங்க.”

மெக்கானிக்குகளுக்கு இந்தப் பழக்கம் உண்டு. ஒரு லிஃப்டில் புது உதிரிபாகம் கிடைக்காவிட்டால், ஓடாமல் நிற்கும் பழைய லிஃப்டிலிருந்து கழற்றி மாட்டிவிடுவார்கள். அளவு ஒன்றாக இருந்தால் ஓடும். அவனும் அப்படித்தான் நினைத்தான். இதில் தப்பு ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் மறுபடி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். விசில் ஊதியதுதான் தாமதம்.

“போர்வையைத் தலையோட இழுத்துப் போர்த்திக்கிட்டு ஃபேனை அஞ்சுல வைக்கிறது என்ன நியாயம்?” என்றான்.

அவள் திடுக்கிட்டாள். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

“நான் போர்வையே போர்த்த மாட்டேனே,” என்றாள்.

“குளிருதுன்னா குறைக்க வேண்டியதுதானே. குறைக்க மாட்ட. நான் எழுந்து ரெண்டுல வச்சா, தூங்கற மாதிரி கிடந்துட்டு, நான் கண்ணசந்ததும் மறுபடி ஏத்தி வைப்ப.”

நீங்க போய் நீ வந்துவிட்டதை மேனேஜரம்மா கவனித்து, கணவரின் தொடையில் தட்டினார். ரெஃபரி கட்டைவிரலை உயர்த்தினார்.

அவன் குரல் ஏறியது. கை முன்னால் வந்தது. இடையிடையே நிறுத்தினான். அந்த நிறுத்தங்களில் மருந்துக்கடைக்காரி ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அடுத்து அவன் சொன்னதெல்லாம் யாரோ சொன்னதற்குப் பதிலாகவே இருந்தது.

“எது? நான் கரன்ட் பில்லுக்காகச் சொல்றேனா?”

கொஞ்சம் நிறுத்தினான்.

“அப்படிச் சொல்லாத. உங்க வீட்டுல ஆறு பேர் ஒரு ரூம்ல படுத்தீங்க, அங்க அஞ்சு வேணும். இங்க ரெண்டு பேருதான்.”

மறுபடி நிறுத்தினான்.

“சிரிக்காத. நான் ஹால்ல போய்ப் படுத்துக்கறேன்.”

“சபாஷ்,” என்றான் ரொட்டிக்காரன்.

“சரி சரி, அழாத,” என்றான் மெக்கானிக்.

மருந்துக்கடைக்காரி அழவில்லை. சிரிக்கவும் இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் யாரோ கைதட்டத் தொடங்கி, பக்கத்தில் யாரும் தட்டாததால் பாதியில் விட்டார்கள்.

“இது யாரோட சண்டை?” என்று கேட்டாள்.

அவன் முன்னால் நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டான்.

“எங்க வீட்டுல ஆறு பேர் இல்லைங்க. நானும் அண்ணனும்தான். நான் போர்வை போர்த்தறதில்ல. இது அவங்க சண்டை. தோய்ச்சு மடிச்சு எனக்குக் கொண்டு வந்திருக்கீங்க.”

விசில். ரெஃபரி ஓடி வந்தார். மார்புப் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். “செத்தவங்களை இழுத்துட்டீங்க. ஆட்டம் ரத்து.”

“நான் எங்க சார் இழுத்தேன்? அவங்க வந்து ரொம்ப நேரமாச்சு. இந்த நாற்காலில அவங்கதான் உட்கார்ந்திருக்காங்க. நான் நின்னுக்கிட்டிருக்கேன்.”

“வாயால சொன்னது நீங்கதான்.”

“அட்டையை உள்ள வைங்க,” என்றார் மேனேஜரம்மா. “அவ சொல்றது சரி. இழுத்தது அவரு.”

“அவரு பேரு சொல்லல. விதிப்படி...”

“விதி விதின்னு முப்பது வருஷமா வீட்டுல எனக்கு அட்டை காட்டிட்டிருக்கீங்க. சாம்பார்ல உப்பு கூடினா மஞ்சள்.”

“ஒரே ஒரு தடவை காட்டினேன்.”

“என் தம்பி முன்னாடி காட்டினீங்க.”

அந்தச் சண்டை அப்படி ஓரமாகப் பிடித்துக்கொண்டது. வகுப்பில் பாதிப்பேர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசுவதற்கென்று மெக்கானிக்கிடம் ஒரு குரல் உண்டு. அதை எடுத்தான். “ஒண்ணும் ஆகாது. பதட்டப்படாதீங்க. மெதுவா மூச்சு விடுங்க.”

“அந்தக் குரல்ல எங்கிட்டப் பேசாதீங்க.” இப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. “நான் எங்கயும் மாட்டிக்கல. எட்டு மாசமாப் பார்க்கறேன். எது கேட்டாலும் சரி. படம் பார்க்கலாமா, சரி. வேண்டாமா, அதுவும் சரி. தங்கமான மாப்பிள்ளைன்னு எங்க பெரியம்மா சொல்றாங்க. லிஃப்ட் பட்டனை அமுக்கினாக்கூட அது வர்றதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கும். நீங்க அதுகூட எடுக்கறதில்ல. இன்னைக்குத்தான் முதல் தடவை உங்களுக்குக் கோபம் வந்துச்சு. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? பார்த்தா அது என் மேல இல்ல.”

“சரி, நான்...”

“பாருங்க. மறுபடி சரி.”

அவனுக்குக் காது சுட்டது. இரண்டு வருஷமாக இப்படிச் சுட்டதில்லை.

“பின்ன என்ன சொல்லச் சொல்றீங்க?”

“உங்களுக்கு ஃபேன் எத்தனைல வேணும்? அதைச் சொல்லுங்க. ரெண்டா?”

“அஞ்சு,” என்றான்.

“ரெண்டுக்குத்தானே இவ்வளவு நேரம் கத்தினீங்க?”

“அது அப்போ. இப்ப அஞ்சுல ஓடினாத்தான் எனக்குத் தூக்கம் வருது.”

சொல்லிவிட்டு அவனே அதைக் கேட்டான். யாரிடமும் சொல்லாத சங்கதி அது. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தான்.

மருந்துக்கடைக்காரி தலையாட்டினாள். முகம் இளகியதுபோல் இருந்தது. அந்த இளகலை நம்பி அவன் சாய்ந்து உட்கார்ந்தான்.

“ஆனா எனக்கு ஃபேனே ஆகாதே,” என்றாள். “சைனஸ். ஒண்ணுல ஓடினாலும் காலையில தலை தூக்க முடியாது. நம்ம வீட்டுல ராத்திரி ஃபேன் ஓடாது.”

“ஓடாதுன்னா?”

“நிறுத்திடணும்.”

“நிறுத்த முடியாது.”

“நிறுத்தித்தான் ஆகணும்.”

“மாத்திரை போட்டுக்க. கடை நிறைய வச்சிருக்கதானே.”

“ஏன், தூக்க மாத்திரை நீ போட்டுக்க. அதுவும் என் கடையில இருக்கு.”

“ஜன்னல் பக்கம் நீ படு, ஃபேனுக்கு அடியில நான் படுக்கறேன்.”

“காத்து என்ன கோடு போட்டுக்கிட்டா வீசுது?”

டிக்கெட் கவுண்டர் பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “ரெண்டு பேரும் சொல்றது நியாயமா இருக்கு,” என்று கிசுகிசுத்தாள். “இது தீரவே தீராது.”

இந்த நேரத்தில்தான் பங்குச் சாமியார் உள்ளே வந்தார். பாடகர் குழுவுக்கு அறை வேண்டும், வெளியே ஆர்மோனியத்தோடு காத்திருக்கிறார்கள். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

“எந்த ஜோடிக்குப் பயிற்சி நடக்குது?”

“ரெண்டுக்கும் ஃபாதர்,” என்றான் ரொட்டிக்காரன்.

சாமியார் முதலில் ரெஃபரி பக்கம் போய், அங்கே ஒன்றும் ஆகாது என்று தெரிந்து, இந்தப் பக்கம் வந்தார். “சமாதானம் ஆயிட்டீங்களாம்மா?”

“இல்ல ஃபாதர்.”

“எப்ப ஆவீங்க?”

“தெரியல ஃபாதர். இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம்.”

“கையெழுத்து இன்னைக்கு வேணுமாமே உங்களுக்கு?”

“வேணும்,” என்றான் மெக்கானிக். அவளை முந்திக்கொண்டு சொன்னான். அறைக்கே கேட்கும்படி சொன்னான். “கண்டிப்பா வேணும் ஃபாதர். ஆனா ஃபேனை நிறுத்த மாட்டேன்.”

மேனேஜரம்மா தன் சண்டையை விடாமலே மேஜையிலிருந்து சான்றிதழை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். “தம்பி முன்னாடி மட்டுமா, பக்கத்து வீட்டுக்காரங்க முன்னாடியும்” என்று சொல்லிக்கொண்டே பேனாவைக் கணவர் கையில் திணித்தார். ரெஃபரி அட்டையை வாபஸ் வாங்கவில்லை. அதையே அடியில் வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்குக் கூடுதல் நேரம் வழங்கப்படுகிறது என்று அறிவித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பாடகர் குழு உள்ளே வந்து உட்கார்ந்தது. மெக்கானிக்கும் மருந்துக்கடைக்காரியும் வெளியே போய், மணிக்கூண்டின் கீழே நின்று சண்டையைத் தொடர்ந்தார்கள்.

பயிற்சி எடுத்த ஜோடிகள் ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்வரிசையில் சேர்ந்து உட்கார வேண்டும் என்பது அந்தப் பங்கின் வழக்கம். உட்கார்ந்தார்கள். அமைதி ஜோடியில் இருவர் கண்ணும் சிவந்திருந்தது. இராத்திரி அவரவர் வீட்டில், அவன் ஃபேனை நிறுத்திப் பார்த்துத் தூங்கவில்லை. அவள் ஃபேனைப் போட்டுப் பார்த்துத் தும்மிக்கொண்டிருந்தாள். அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலை வாசித்தார். இவன் பெயர், இவன் அப்பா பெயர், அவள் பெயர், அவள் அப்பா பெயர். “இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கவும்,” என்று வாசித்து, வழக்கம்போல் மூச்சு விட நிறுத்தினார்.

கோவிலில் யாரும் அந்த நிறுத்தத்தில் பேசியதில்லை. பின்வரிசையில் ஒரு குழந்தை மட்டும் எப்போதும் அழும். அன்றைக்கு டிக்கெட் கவுண்டர் பெண் எழுந்து நின்றாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இராத்திரி முழுக்க அவளுக்கு அதே நினைப்பு.

“ஃபாதர், அந்த ஃபேன் விஷயம் முடிஞ்சிருச்சுங்களா?”

சபை முழுக்கத் திரும்பியது. இவன் அக்கா முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். சாமியார் காகிதத்தைப் பார்த்தார். அதில் பதில் இல்லை. பிறகு மெக்கானிக்கைப் பார்த்தார்.

அவன் எழுந்தான். “இல்ல ஃபாதர். பேசிட்டிருக்கோம்.”

“அது தடையில சேராது,” என்று சொல்லிவிட்டுச் சாமியார் அடுத்த பெயரை வாசித்தார்.

உட்கார்ந்ததும் மருந்துக்கடைக்காரி காதருகே குனிந்தாள். “டேபிள் ஃபேன்னா ஒருவேளை யோசிக்கலாம். உன் பக்கம் மட்டும் திருப்பி வைக்கணும்.”

“டேபிள் ஃபேன் சத்தம் போடும்.”

“அஞ்சுல ஓடற ஃபேன் பாட்டா பாடுது?”

“பூசை நடக்குது, பேசாம இரு,” என்றான்.

அவள் பேசினாள்.